மஞ்சள் அட்டையில் ஒரு பெயர்

விடுதி,
ஜூன் 14

என் அத்தைக்கு,

வாண்டு எழுதுகிறேன். நான் நலமாகத்தான் இருக்கிறேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறும்போது இன்னும் 'கடக்' என்று சத்தம் வருகிறதா, இல்லை டாக்டர் கொடுத்த தைலத்தை ஒழுங்காகத் தேய்க்கிறீர்களா?

இங்கே கைப்பேசிக்குத் தடை. ஞாயிற்றுக்கிழமை கடிதம் எழுதலாம், அவ்வளவுதான். ஊரார் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிற கடைக்காரர், தன் பிள்ளைக்கு விடுதி பார்க்கும்போது மட்டும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார் போலிருக்கிறது. அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

உங்களிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். பன்னிரண்டு வயதிலிருந்து தினமும் ஒரு சத்து மாத்திரை சாப்பிடுகிறேனே, அதை எப்போதும் அம்மா உதிர்த்து ஒரு டப்பாவில் போட்டுத்தான் தருவாள். இந்த முறை அவசரத்தில் ஸ்ட்ரிப்போடு வைத்துவிட்டாள். இங்கே மாத்திரையெல்லாம் நோயாளி அறை நர்ஸ் அக்காவிடம்தான் இருக்க வேண்டும். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரு உனக்கு இதைச் சத்து மாத்திரைன்னு சொன்னது? இது ஹார்மோன் மாத்திரை. எதுக்குன்னே தெரியாம அஞ்சு வருஷமா முழுங்கிட்டு இருக்கியா?" என்றார். பிறகு, இன்னும் மாதவிலக்கு வரவில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். அடிவயிற்றுத் தழும்பைக் காட்டினேன். குழந்தையில் குடலிறக்கம் என்று அம்மா சொன்னதைச் சொன்னேன். அவர் தழும்பை இன்னொரு முறை பார்த்துவிட்டு, ஸ்ட்ரிப்பை மேசைக்குள் வைத்துப் பூட்டினார். அந்தப் பார்வைதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் பிறந்ததும் கீறப்பட்டதும் உங்கள் ஆஸ்பத்திரியில்தான். நீங்கள் இருப்பது ஆவண அறை. 'லட்சம் கோப்பில் எதைக் கேட்டாலும் அஞ்சே நிமிஷம்' என்று பீற்றிக்கொள்வீர்களே, என்னுடையதை எடுத்துப் பாருங்கள் அத்தை. எனக்கு என்ன செய்தார்கள்?

சின்ன வயதில் உங்கள் அறைக்கு வந்தால், ரேக்கிலிருந்து ஒரு கோப்பை எடுத்தால் அந்த இடத்தில் மஞ்சள் அட்டை வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பீர்கள். யார் எடுத்தது, எந்தத் தேதி, திரும்பும் தேதி. நான் கழிப்பறைக்குப் போகும்போதுகூட நாற்காலியில் ஓர் அட்டை வைத்துவிட்டுப் போவேன். 'வாண்டு, வெளியே, அஞ்சு நிமிஷம்.' ஞாபகம் இருக்கிறதா?

பதிலை எதிர்பார்த்திருக்கும்
உங்கள் மருமகள்,
வாண்டு


ஜூன் 25

செல்ல வாண்டுக்கு அத்தையின் ஆசிகள்.

நான் சுகம். முழங்காலும் நானும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போன முறை பார்த்தபோது கழுத்தெலும்பில் துணி காயப்போடலாம் போலிருந்தாய்.

அந்த நர்ஸுக்கு வாய் கொஞ்சம் நீளம் போலிருக்கிறது. ஸ்ட்ரிப்பைப் படித்தவர்களெல்லாம் டாக்டர் ஆகிவிட முடியுமா? உனக்கு எலும்பு பலமில்லை, அதற்கு அந்த மாத்திரை நல்லது. சில பெண்களுக்கு எல்லாமே தாமதமாகத்தான் வரும். தழும்பு குடலிறக்கம்தான். படிக்கிற வயதில் மண்டையை உடைத்துக்கொள்ளாதே.

கோப்பைப் பற்றிக் கேட்டாய். எங்கள் அறைக்கென்று விதி இருக்கிறது கண்ணு. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் அப்பா அல்லது அம்மா கையெழுத்துப் போட்டுக் கேட்டால்தான் எதையும் காட்டலாம். அத்தை என்பதற்காக அதை வளைக்க முடியுமா? இருபத்தாறு வருஷ வேலையில் ஒரு காகிதத்தைக்கூட இடம் மாற்றி வைத்தவளில்லை நான்.

எங்கள் அறையில் புது விளக்குப் போட்டிருக்கிறார்கள். இப்போதுதான் தெரிகிறது எவ்வளவு தூசி என்று.

என்றும் அன்புடன்,
அத்தை


விடுதி,
ஜூலை 5

அத்தைக்கு,

நலம், உங்கள் நலமும் அதுவே ஆகட்டும்.

நீங்கள் எழுதியதை நான்கு முறை படித்தேன். எலும்புக்கு என்று நீங்கள் சொல்கிறீர்கள். சத்துக்கு என்று அம்மா சொன்னாள். வார்டன் அறைப் போனில் அம்மாவைக் கூப்பிட்டு, "அந்த மாத்திரை எதுக்கும்மா?" என்று கேட்டேன். அம்மா அழுதாள். "எல்லாம் உன் நல்லதுக்குத்தான்டி, கேக்காத" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். எலும்புக்கு யாராவது அழுவார்களா?

என் உடம்பைப் பற்றி என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது என்று மட்டும் புரிகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். இங்கே அந்தச் சோறே நான்தான்.

தெரிந்துகொள்ள நான் சின்னப் பிள்ளை. சரி. அறுக்கிறபோது மட்டும் எப்படி அத்தை நான் சின்னப் பிள்ளையாக இல்லாமல் போனேன்?

விதியை வளைக்கச் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அந்தக் கோப்பு இருக்கிறதா, இல்லையா?

வாண்டு


ஆகஸ்ட் 30

வாண்டுக்கு,

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. மழையில் ஆவண அறையின் வடக்குச் சுவர் கசிந்து, இருபது ரேக்கையும் நகர்த்த வேண்டியதாகிவிட்டது. நான், பியூன், இன்னொரு குமாஸ்தா, மூன்று பேர்தான். தும்மித் தும்மியே ஆள் பாதியாகிவிட்டேன். நீ நலமா? தேர்வு எப்படிப் போயிற்று? வேதியியலில் உன் அப்பா மாதிரி கோட்டை விடாதே. அவன் கண்ணாடி விற்கப் போனதே அதனால்தான்.

நீ கேட்டதை நான் மறக்கவில்லை. பிப்ரவரி ஒன்பது உனக்குப் பதினெட்டு முடிகிறது. இன்னும் ஐந்து மாதம், சொச்சம். அன்றைக்கு நானே உன்னிடம் வருகிறேன். நீயும் நானும் மட்டும் உட்கார்ந்து பேசலாம். இத்தனை நாள் பொறுத்தாய், இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளக் கூடாதா? ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறப் பொறுக்க வேண்டும் என்பார்கள், சில விஷயம் ஆறினால்தான் தொண்டையில் இறங்கும்.

அன்புடன்,
அத்தை


விடுதி,
செப்டம்பர் 13

அத்தைக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வர வேண்டும். இன்று அதற்குத் தெம்பில்லை.

போன சனிக்கிழமை அப்பாவும் அம்மாவும் வந்து என்னை ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். புது ஆஸ்பத்திரி, பெரிய கண்ணாடிக் கதவு. ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தை விளக்கில் வைத்து அப்பாவிடம் பேசினார், அம்மாவிடம் பேசினார். நடுவில் இருந்த நான் நாற்காலியா மேசையா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. டிசம்பர் விடுமுறையில், பதினெட்டாம் தேதி, ஒரு சின்ன ஆபரேஷனாம். உள்ளே இருக்கக் கூடாத ஒன்று இருக்கிறதாம். அம்மா, "நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சின்னு வந்தா..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை.

நான் கேட்டேன். "என்ன எடுக்கப் போறீங்க டாக்டர்?" அவர் என் தலையைத் தட்டி, "பயப்படாதே பாப்பா, எல்லாம் சரியாகிடும்" என்றார். நான் பயமாக இருக்கிறது என்று சொல்லவே இல்லை அத்தை. என்ன என்றுதான் கேட்டேன். அப்பா இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டார். எனக்கென்று அந்தத் தாளில் ஒரு இடமும் இல்லை.

ஒரே ஒரு நல்ல செய்தி. முதல் ஆபரேஷனின் கோப்பைக் கேட்டு உங்கள் ஆஸ்பத்திரிக்கு எழுதப்போவதாக டாக்டர் சொன்னார். "பழைய டாக்டர் என்ன எழுதியிருக்கார்னு பார்த்துட்டுத்தான் கை வைப்பேன். கோப்பு வரலைன்னா, நீங்க சொல்றதையும் ஸ்கேனையும் வச்சுப் பண்ணிடலாம்" என்றார். அந்தக் கடிதம் உங்கள் மேசைக்குத்தானே வரும்? இப்போது விதிகூட உங்களைத் தடுக்காது. கேட்பவர் டாக்டர், கையெழுத்து அப்பாவுடையது. நீங்கள் எனக்குச் சொல்லக்கூட வேண்டாம். ரேக்கிலிருந்து எடுத்து அனுப்பினால் போதும். ஐந்தே நிமிஷம்.

எனக்கு அந்த ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்றுகூடத் தெரியவில்லை. தெரியாதபோது வேண்டாம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. யாராவது கேட்டால் அப்படிச் சொல்வேன். யாரும் கேட்கவில்லை.

உங்களை நம்பியிருக்கும்
வாண்டு


அக்டோபர் 3

வாண்டுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

குளிர் தொடங்கப் போகிறது. இத்துடன் ஒரு போர்வை அனுப்பியிருக்கிறேன். நீல நிறம் உனக்குப் பிடிக்கும். துவைக்கும்போது தனியாகத் துவை, சாயம் போகும்.

அப்பாவும் அம்மாவும் உனக்குக் கெடுதல் நினைப்பவர்கள் இல்லை. பெரியவர்கள் சொல்வதைக் கேள்.

இன்று எனக்கு உடம்பு சரியில்லை. அதனால் இத்துடன் முடிக்கிறேன்.

அத்தை


விடுதி,
நவம்பர் 22

அத்தைக்கு,

உடம்பு தேவலையா? போர்வை வந்த பிறகு நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முந்தைய இரண்டும் கிடைத்தனவா என்று தெரியவில்லை. ஞாயிறு தோறும் தபால் பிரிக்கும்போது கடைசி ஆள் போகும் வரை நிற்கிறேன். வார்டன் அம்மா வெறும் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டுகிறார்.

கோப்பு அனுப்பிவிட்டீர்களா? ஆம், இல்லை என்று ஓர் அஞ்சலட்டை போட்டால்கூடப் போதும்.

டாக்டருக்கு நானே ஒரு கடிதம் எழுதினேன். பிப்ரவரி ஒன்பது வரை தள்ளிப்போடுங்கள், ஐம்பத்து மூன்று நாள்தான், அதற்குப் பிறகு என்னிடம் சொல்லுங்கள், நானே கையெழுத்துப் போடுகிறேன் என்று. அவர் அதை அப்பாவுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். மைனர் எழுதும் கடிதத்தைக் கேஸ் ஷீட்டில் சேர்க்க முடியாதாம். அப்பா வார்டன் அறைப் போனில் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "அப்பா மானத்த வாங்கிட்டியேம்மா" என்று மட்டும் சொன்னார்.

பக்கத்துக் கட்டில்காரி என்னிடம், "உனக்கு என்ன நோய்?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவள் நம்பவில்லை. கட்டிலைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

போர்வை கதகதப்பாக இருக்கிறது. நன்றி.

வாண்டு


வீடு,
ஜனவரி 4

அத்தைக்கு,

முடிந்துவிட்டது. காய்ச்சல் இல்லை. தையல் பிரித்துவிட்டார்கள். நலம் என்று எழுத வேண்டிய இடம் இதுதான்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள், கட்டில் கால்மாட்டில் என் கேஸ் ஷீட் தொங்கிக்கொண்டிருந்தது. நர்ஸ் வெளியே போனபோது எடுத்துப் பார்த்தேன். முதல் தாளாக உங்கள் ஆஸ்பத்திரியின் பதில் குத்தப்பட்டிருந்தது. மூன்றே வார்த்தை. 'மேற்படி கோப்பு கிடைக்கவில்லை.' கீழே முத்திரை. கையெழுத்துப் புரியாத கிறுக்கல்.

ஆனால் அந்த மூன்று வார்த்தையும் கையால் எழுதியிருந்தது அத்தை. 'கி'க்கு மேலே கொக்கியை இவ்வளவு பெரிதாக, குடை மாதிரி போடுகிறவர் உலகத்தில் ஒருவர்தான். அதைப் பார்த்துத்தான் நான் எழுதவே கற்றுக்கொண்டேன். தேதி அக்டோபர் 3. போர்வையோடு வந்த கடிதத்தின் தேதி. அதே நீல மை.

டாக்டரிடம் கேட்டேன். இப்போது சொன்னார், எடுத்த பிறகு சொல்வதில் என்ன கஷ்டம். "பழைய ரிப்போர்ட் கிடைச்சிருந்தா ஒருவேளை யோசிச்சிருப்பேன்" என்றார்.

கோப்பு எங்கே அத்தை?


ஜனவரி 15

என் கண்ணுக்கு,

எந்த முகத்தோடு நலம் விசாரிப்பேன். தலைக்கு மேலே வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

நீ பிறந்தபோது உன் உடம்பைப் பார்த்து ஆண், பெண் என்று டாக்டரால் ஒரேயடியாகச் சொல்ல முடியவில்லை. அப்படியும் குழந்தைகள் பிறப்பதுண்டு, அது நோயில்லை என்று அந்த டாக்டர் அப்போதே சொன்னார். பெரியவர், பொறுமைசாலி. நாற்பதாம் நாள், உனக்குப் பெயர்கூட வைக்காத நேரத்தில், ஆபரேஷன் நடந்தது. உள்ளே இரண்டு சுரப்பிகள் இருந்தன. ஒன்று கெட்டிருந்தது, எடுத்தார். அதற்கு முன்னால் உன் அப்பா சம்மதத் தாளை என்னிடம் நீட்டி, "நீ ஆஸ்பத்திரிக்காரி, உனக்குத் தெரியும். போடலாமா?" என்றான். "போடு" என்றேன். எனக்கு என்ன தெரியும்? கோப்பு அடுக்கத் தெரியும். சாட்சி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

இன்னொன்றை அவர் வேண்டுமென்றே விட்டுவைத்தார். கோப்பில் அவர் எழுதியது எனக்கு மனப்பாடம். 'மற்றது ஆரோக்கியமாக உள்ளது. பருவத்தில் வேலை செய்யக்கூடும். ஆபத்தின் அறிகுறி இருந்தாலொழிய எடுக்கக் கூடாது. ஆண்டுதோறும் பரிசோதிக்கவும். பன்னிரண்டு வயதுக்குள் குழந்தைக்கு உண்மையைச் சொல்லவும். வைப்பதா எடுப்பதா, எந்த மருந்து என்பதையெல்லாம் வளர்ந்தபின் இந்தக் குழந்தையைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.' கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார். அந்தச் சுரப்பியை அடக்கத்தான் உனக்குச் சத்து மாத்திரை. டிசம்பரில் எடுத்தது அதைத்தான்.

கோப்பு என் வீட்டில் இருக்கிறது. துணி அலமாரியில், அடியில்.

உனக்கு ஐந்து வயதிருக்கும்போது, எங்கள் அறையில் இருந்த ஒரு குமாஸ்தாவுக்கு மதிய நேரத்தில் கோப்புகளைப் படித்துச் சிரிப்பது பொழுதுபோக்கு. ஒருநாள் உன்னுடையதை எடுத்துவிட்டான். கோப்பின் மேலட்டையில் 'குழந்தை' என்று மட்டும் இருந்ததால் யாருடையது என்று அவனுக்குத் தெரியாது. அவன் படிக்கப் படிக்க எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டியிருந்தது. மறுநாள் அதைச் சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். உன்னைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டேன்.

ஆனால் பழக்கம் விடுமா? திருடும்போதுகூட ரேக்கை வெறுமையாக விட என்னால் முடியவில்லை. மஞ்சள் அட்டையில் என் பெயரையும் தேதியையும் எழுதி வைத்தேன். திரும்பும் தேதியை மட்டும் எழுதவில்லை. பன்னிரண்டு வருஷமாக அது அங்கேயே நிற்கிறது. யாரும் பார்க்கவில்லை.

உன் டாக்டரின் கடிதம் அக்டோபர் முதல் தேதி என் மேசைக்கு வந்தது. இரண்டு நாள் கையில் வைத்திருந்தேன். கோப்பைத் திருப்பி வைத்து அனுப்பியிருக்கலாம், ஒரு பொய் சொல்லிச் சமாளித்திருக்கலாம். அப்பா போன் செய்து, "அந்தக் கோப்பு வெளியே வந்தா நாங்க சொல்லாம வச்சதெல்லாம் அவளுக்குத் தெரிஞ்சிடும், எப்படியாவது பாத்துக்க" என்றான். அதையும் சாக்காகச் சொல்லமாட்டேன். பயந்தேன். கோப்பை வீட்டுக்குக் கொண்டுபோனவள் என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்தேன். அந்த டாக்டர் அடியில் கோடு போட்ட வரி இருக்கும் கோப்பிலேயே சாட்சியாக என் கையெழுத்தும் இருப்பதை நீ பார்ப்பாய் என்று பயந்தேன். பதினெட்டு வயதானதும் ஒரு கவரில் போட்டு உன் கையில் கொடுத்து, அழுது, மன்னிப்பு வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். என் மன்னிப்புக்கு நாள் குறித்தேனே தவிர, உன் உடம்புக்கு நாள் குறித்ததை நான் பார்க்கவே இல்லை.

இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கோப்போடு வருகிறேன். கதவைத் திறக்க வேண்டாம், வாசலிலேயே வைத்துவிட்டுப் போகிறேன்.

அத்தை


வீடு,
ஜனவரி 24

வராதீர்கள்.

நீங்கள் வைத்துவிட்டுப் போனால் அது நீங்கள் எனக்குக் கொடுத்ததாகிவிடும். எனக்கு இதுவரை எல்லாமே யாராவது கொடுத்ததாகவும் யாராவது எடுத்ததாகவும்தான் இருக்கிறது. அது இருந்த இடத்தில் கொண்டுபோய் வையுங்கள். அட்டையை எடுங்கள். யாரிடம் என்ன சொல்வீர்கள் என்பது உங்கள் பாடு.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அவர்கள் சிரித்தபோது நீங்களும் சிரிக்க வேண்டியிருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். என்னை மடியில் வைத்துக்கொண்டு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது அதற்கு முன்னாலா, பின்னாலா?

போர்வையைத் துவைத்தேன். நீங்கள் சொன்னது சரி. சாயம் போயிற்று.


ஜனவரி 29

வாண்டுக்கு,

கோப்பை இன்று காலை வைத்துவிட்டேன். கண்காணிப்பாளரிடம் எல்லாவற்றையும் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அட்டையில் திரும்பும் தேதியை நிரப்பி அவர் மேசையில் வைத்தேன். அவர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "உங்க இத்தனை வருஷத்துல ஒரு அட்டைகூட காலியா நின்னதில்லையேம்மா" என்றார். விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று உத்தரவு.

பின்னால்தான் வாண்டு. நீ மடியில் உட்கார்ந்து 'கி' எழுதியது அதற்குப் பின்னால்.

அத்தை


பிப்ரவரி 9

ஆவணப் பாதுகாப்புப் பிரிவு,
அரசு மருத்துவமனை

நோயாளி தன் சொந்த ஆவணத்தைப் பார்வையிட விண்ணப்பம்

நோயாளியின் பெயர்: மேலட்டையில் 'குழந்தை' என்று இருக்கும்.

சிகிச்சையின்போது வயது: நாற்பது நாள்.

பாலினம்: (நிரப்பவில்லை)

விண்ணப்பதாரர் வயது: பதினெட்டு. இன்றுதான்.

நோயாளிக்கு விண்ணப்பதாரர் என்ன உறவு: நானே.

பெற்றோர் அல்லது காப்பாளர் கையொப்பம்: தேவையில்லை.

அலுவலகத்தில் உறவினர் எவரேனும் பணிபுரிகிறாரா: இல்லை.

ஆவணம் எதற்காகத் தேவை: என்னைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரிந்துகொள்ள.